எடுத்தவர் கண்ணும் பார்ப்பவர் கண்ணும்

(ஒளிப்பட ஆர்வலர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் பலர் தோளில் கேமராவோடு வந்திருக்கிறீர்கள். விடியற்காலையிலேயே தெருவில் இறங்கிவிட்டு அங்கிருந்து நேராக இங்கே வந்தவர்களும் இருக்கக்கூடும். உங்களிடம் ஒரு கேள்வி கேட்டுத் தொடங்குகிறேன். கடைசியாக எடுத்த பத்துப் படங்களை யாரிடம் காட்டினீர்கள்? அவர் என்ன சொன்னார்? "நல்லா இருக்கு", "அருமை", "சூப்பர்" என்ற மூன்று சொற்களைத் தாண்டி ஏதாவது சொன்னாரா?

தெருப் புகைப்படம் தனியாள் வேலை. கூட்டத்துக்குள் தனியாக நடக்கிறோம், தனியாகக் காத்திருக்கிறோம், கண்ணிமைக்கும் நேரத்தில் தனியாக முடிவெடுத்து விசையை அழுத்துகிறோம். அதனால் கற்பதும் தனியாகவே நடந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். முப்பது ஆண்டுகளாகத் தெருவில் நடந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எடுப்பதைத் தனியாகச் செய்யலாம், கற்பதைத் தனியாகச் செய்ய முடியாது. நான் சொல்ல வந்தது இதுதான்.

ஏன் முடியாது? மயிலாப்பூரில் அறுபத்துமூவர் திருவிழா அன்று நீங்கள் ஒரு படம் எடுக்கிறீர்கள். அந்த நேரத்தில் உங்கள் காதில் நாகஸ்வரம் ஒலிக்கிறது. நெற்றியில் வியர்வை வழிகிறது. மல்லிகையும் சாம்பிராணியும் மணக்கின்றன. யாரோ தோளில் இடிக்கிறார்கள், நீர்மோர்ப் பந்தலில் ஒருவர் குவளையை நீட்டுகிறார். வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் பார்க்கும்போது இவ்வளவும் சேர்ந்தே உங்களுக்குத் தெரிகிறது. ஆனால் படத்தில் நாகஸ்வரம் இல்லை, வெயில் இல்லை, மணம் இல்லை. நாலு கோட்டுக்குள் கொஞ்சம் வெளிச்சமும் கொஞ்சம் நிழலும்தான் இருக்கின்றன. எடுத்தவருக்குத் தெரு நினைவிருக்கிறது. பார்ப்பவருக்குப் படம் மட்டும்தான் இருக்கிறது. அதனால் படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் தகுதி, அதை எடுத்தவரைவிட, அந்த இடத்தில் இல்லாதவருக்கே அதிகம்.

பெரிய கலைஞர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. நியூயார்க் தெருக்களை ஓயாமல் படமெடுத்த கேரி வினோகிராண்ட், எடுத்த ஃபிலிம் சுருள்களை உடனே கழுவ மாட்டார். ஓராண்டு, சில நேரம் அதற்கும் மேல், அப்படியே போட்டு வைத்திருப்பார். எடுத்த நாளின் உற்சாகம் வடிந்த பிறகுதான் படத்தைப் படமாகப் பார்க்க முடியும் என்பது அவர் எண்ணம். 1984இல் அவர் இறந்தபோது கழுவாத சுருள்கள் மட்டும் ஏறத்தாழ 2,500 இருந்தன. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் படங்களைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். தலைகீழாகத் திருப்பினால் முகமும் கதையும் பின்வாங்கிவிடும், வடிவம் மட்டும் நிற்கும். ஒருவர் காலத்தைக் கொண்டும் இன்னொருவர் கையைத் திருப்பியும் தங்களையே அயலாராக்கிக்கொள்ள முயன்றார்கள். நமக்கு அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் படத்தைக் கொடுக்கலாம்.

அப்படிக் கொடுப்பதையே பாடமுறையாக வைத்திருந்த ஓர் இடத்தைப் பற்றி உங்களிடம் விரிவாகச் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் 1936இல் தொடங்கிய ஃபோட்டோ லீக் அது. சிட் கிராஸ்மன், சால் லிப்சோன் என்ற இரண்டு இளைஞர்கள் முன்னின்று தொடங்கினார்கள். அமெரிக்கா பெரும் பொருளாதார வீழ்ச்சியில் சிக்கியிருந்த காலம். சேர்ந்தவர்களில் பலர் குடியேறிகளின் பிள்ளைகள், கையில் காசில்லாதவர்கள். லீக்கில் குறைந்த கட்டணத்தில் வகுப்பு இருந்தது, எல்லோருக்கும் பொதுவான இருட்டறை இருந்தது, படங்களை மாட்டிப் பார்க்கச் சுவர் இருந்தது. உறுப்பினர்கள் ஊதியம் இல்லாமல் தாங்களே நடத்தினார்கள். ஃபோட்டோ நோட்ஸ் என்ற செய்தி மடலைத் தாங்களே அச்சடித்துச் சுற்றுக்கு விட்டார்கள். ஒளிப்படக் கலைஞர் லிசெட் மோடல் அமெரிக்காவில் தனியாக வைத்த முதல் கண்காட்சி, 1941இல், அந்தச் சுவரில்தான் நடந்தது.

அங்கே பாடம் எப்படி நடந்தது? மாணவர் தெருவுக்குப் போவார், எடுப்பார், பிரிண்ட் போட்டுக் கொண்டுவருவார். எல்லோரும் சுற்றி நின்று பேசுவார்கள். அதன் பிறகு அவர் அதே தெருவுக்குத் திரும்பப் போவார். திரும்பப் போவதுதான் அதில் உயிரான பகுதி. வால்டர் ரோசன்பிளம் பதின்ம வயதில் லீக்கில் சேர்ந்தார். மன்ஹாட்டனின் கீழ்க் கிழக்குப் பகுதியில், அவர் வளர்ந்த இடத்துக்கு அருகிலேயே, பிட் தெரு என்று ஒரு தெரு. 1938இல் அந்த ஒரு தெருவையே எடுத்துக்கொண்டு வேலை செய்தார். அங்கே ஊஞ்சலாடும் சிறுமியை அவர் எடுத்த படம் இன்றும் பேசப்படுகிறது. உலகம் சுற்றி எடுத்த படமில்லை அது. ஒரு தெரு, ஒரு கேமரா, படத்தைக் கொண்டுபோய்க் காட்ட ஓர் இடம் — இவ்வளவுதான் அவரிடம் இருந்தது.

ஆர்தர் லைப்சிக் கண்ணாடி வேலை செய்யும் இடத்தில் வலக்கையில் அடிபட்டவர். அந்தக் கையோடு பழைய வேலைக்குப் போக முடியாது. வேறு தொழில் தேடி லீக்கின் வகுப்புக்கு வந்தார். பிறகு நியூயார்க் குழந்தைகள் தெருவில் ஆடும் ஆட்டங்களை எடுத்தவர் அவர்தான். தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு ஆடும் பிள்ளைகளின் படங்கள் அவை. தொழில் தேடி வந்தவரைக் கலைஞராக்கி அனுப்பியிருக்கிறது அந்த அறை.

கிராஸ்மன் கண்டிப்பான ஆசிரியர் என்று பெயர் எடுத்தவர். அவர் வகுப்பில் மனம் நொந்து போனவர்களும் உண்டு. வாழ்நாள் முழுக்க அவரை நன்றியோடு சொன்னவர்களும் உண்டு. "படம் அழகாக இருக்கிறதா?" என்ற கேள்வியோடு அவர் நிற்கவில்லை. இதை ஏன் எடுத்தாய், இந்த மனிதரிடம் உனக்கு என்ன உறவு என்று எடுத்தவரையே துருவினார். கண்டிப்பு ஆளை நசுக்கினால் அது வீண். வேலையின் மேல் உள்ள அக்கறையிலிருந்து வந்தால் அது கொடை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது. விமர்சிக்க உட்காரும் ஒவ்வொருவரும் அந்தக் கோட்டை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அந்த அறையின் முடிவு வருத்தம் தருவது. 1947 டிசம்பரில் அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞர் டாம் கிளார்க் வெளியிட்ட ஐயத்துக்குரிய அமைப்புகளின் பட்டியலில் ஃபோட்டோ லீக்கின் பெயரும் இருந்தது. கம்யூனிச அச்சம் நாட்டைப் பிடித்திருந்த காலம். 1949இல் நடந்த ஒரு வழக்கில், லீக்கில் உறுப்பினராக இருந்துகொண்டே உளவுத் துறைக்குத் தகவல் தந்த ஒருவர் கிராஸ்மனின் பெயரைச் சொன்னார். உறுப்பினர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். 1951இல் லீக் மூடப்பட்டது. மனிதர்கள் ஒருவர் படத்தை ஒருவர் நம்பிக்கையோடு காட்டிக்கொள்ளும் இடம் ஐயத்தால் எவ்வளவு எளிதாக அழிந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். விமர்சனத்துக்கு அறிவைவிட முதலில் வேண்டியது நம்பிக்கை.

லீக்கைப் புகழ்ந்து மட்டும் பேசிவிட்டுப் போனால் அது நேர்மையாகாது. ஆரன் சிஸ்கின்ட் தலைமையில் ஒரு குழு, கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெம் பகுதியைப் பல ஆண்டுகள் படமெடுத்தது. கூடிப் பேசி, திருத்தி, திரும்பப் போய் எடுத்த படங்கள்தாம் அவையும். 1940இல் லுக் இதழ் சிலவற்றை வெளியிட்டது. புத்தகமாக வந்தது 1981இல்தான். அந்தப் படங்கள் ஹார்லெமின் வறுமையையும் சிதைவையும் பெரிதாகக் காட்டின, அங்கிருந்த நிறைவான வாழ்வைக் கண்டுகொள்ளவில்லை என்ற விமர்சனம் பிறகு எழுந்தது. எடுத்தவர்களில் பெரும்பாலோர் வெளியிலிருந்து போன வெள்ளையர்கள். நல்ல மனம் அவர்களுக்கு இருந்தது, உழைப்பு இருந்தது, விமர்சன வட்டமும் இருந்தது. ஆனால் ஒரு வட்டம் எதைப் பார்க்கும் என்பது அந்த வட்டத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. எல்லோரும் ஒரே பக்கத்திலிருந்து பார்த்தால், எத்தனை கண் கூடினாலும் அது ஒரே கண்தான்.

அதற்கு விடைபோல அதே நகரத்தில் 1963இல் இன்னொரு வட்டம் உருவானது. கறுப்பின ஒளிப்படக்காரர்கள் சேர்ந்து அமைத்த கமோயிங்கே அது. கென்யாவின் கிக்குயு மொழியில் கூடிச் செயல்படும் மக்கள் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். ஹார்லெமிலேயே பிறந்து வளர்ந்த ராய் டிகரவா அதன் முதல் இயக்குநர். லூயிஸ் டிரேப்பர், ஆல்பர்ட் ஃபென்னர், ரே பிரான்சிஸ் போன்றவர்கள் கூடி, பிரிண்ட்களைப் பரப்பி, ஒருவர் படத்தை ஒருவர் கறாராகப் பேசினார்கள். கறுத்த தோலின் நிறத்தை, அந்திவேளையின் இருட்டை, அதற்கே உரிய ஆழத்தோடு பிரிண்டில் கொண்டுவருவது எப்படி என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. வெளியுலகம் அவர்கள் படங்களைப் போடத் தயங்கிய காலத்தில், அந்த அறைகளில் அவர்களுக்குத் தகுதியான பார்வையாளர்கள் கிடைத்தார்கள். அதன் முதல் பெண் உறுப்பினரான மிங் ஸ்மித்தின் கலங்கிய, அசைந்த, இசை போன்ற படங்களை இன்று உலகம் கொண்டாடுகிறது. கமோயிங்கே இன்றும் இயங்குகிறது.

இவை தூரத்து ஊர்க் கதைகள். ஆனால் இந்த வழக்கம் நமக்குப் புதிதில்லை. புலவர் தாம் எழுதியதை அவையில் ஏற்றி, எழும் தடைகளுக்கு விடை சொன்ன பிறகே அது நூல் ஆயிற்று. அரங்கேற்றம் என்ற சொல்லுக்குள் கேள்வி கேட்கும் அவையும் அடக்கம். இன்று அரங்கேற்றம் என்றால் மாலை, மேடை, கைதட்டல் என்று சுருக்கிவிட்டோம். அவையின் கேள்வியை நாம் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

எனக்கு அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் திருவல்லிக்கேணியில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு பெரியவர். ஒரு மழைநாளில், தேங்கிய தண்ணீரைத் தாண்டும் பையன் ஒருவனை எடுத்திருந்தேன். லேப் கவரிலிருந்து பிரிண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பாராட்டுக்காகக் காத்திருந்தேன். அவர் உள்ளங்கையை வைத்துப் படத்தின் வலப்பக்கத்தை மறைத்தார். "இப்போ பாரு தம்பி" என்றார். அப்போதுதான் தெரிந்தது: வலது ஓரத்தில் ஒரு காரின் பம்பர் பளபளவென்று நுழைந்து, பையனைவிடப் பெரிதாக உட்கார்ந்திருந்தது. பத்து நாள் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை. "நீ பையனைப் பாத்த. கேமரா காரையும் பாத்துடுச்சு" என்றார். இதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து விசையை அழுத்துமுன் நான்கு ஓரங்களையும் ஒருமுறை சுற்றிவருகிறது என் கண்.

இரண்டாவது பாடத்தைச் சொன்னவர் கேமராவையே தொட்டிராதவர். காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மாவைப் படமெடுத்தேன். முகத்தில் காலை வெளிச்சம், கண்ணில் சிரிப்பு. காட்டியவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு பிரிண்ட் போட்டு அவருக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "என் தராசு எங்கப்பா?" படத்தில் முகம் இருந்தது, தராசு பிடித்த கை வெட்டுப்பட்டிருந்தது. எனக்கு அது ஓர் அழகிய முகம். அவருக்கோ அது தன் தொழில் இல்லாத தன் முகம். ஹார்லெம் படங்களைப் பற்றி எழுந்த குறையும் இதுதானே? படத்தில் இருப்பவரிடமும் படத்தைக் காட்ட வேண்டும் என்று அன்று கற்றேன். அந்த ஒரு கேள்விக்கு ஈடான விமர்சனத்தை எந்த வல்லுநரிடமிருந்தும் நான் பெற்றதில்லை.

சிலர் கேட்பார்கள்: விவியன் மையர் யாரிடம் காட்டினார்? நியாயமான கேள்வி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துகொண்டே, நியூயார்க், சிகாகோ தெருக்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தவர் அவர். 2007இல் சிகாகோவில் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்த பிறகுதான் உலகம் அவரை அறியத் தொடங்கியது. 2009இல் அவர் இறந்துவிட்டார். அவர் மேதை, ஐயமில்லை. ஆனால் அவர் விட்டுப்போனவற்றில் பல சுருள்கள் கழுவப்படவே இல்லை. தன் படங்களில் பலவற்றை அவரே பார்த்ததில்லை. அந்தத் தனிமையைப் பின்பற்ற வேண்டிய வழியாக என்னால் பார்க்க முடியவில்லை. அவருக்கு ஒரு வட்டம் வாய்க்காமல் போனது அவருக்கும் நமக்கும் இழப்பு.

இன்னொரு கேள்வி: விமர்சனம் தவறாகவும் இருக்கலாமே? இருக்கலாம். ராபர்ட் ஃபிராங்க் 1955, 56 ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் காரில் சுற்றி 767 சுருள் எடுத்தார். ஏறக்குறைய 27,000 படங்கள். அவற்றிலிருந்து ஆயிரத்தைப் பிரிண்ட் போட்டு, சுவரில் குத்தி, கழித்துக் கழித்து, கடைசியில் 83 படங்களைத் தேர்ந்து தி அமெரிக்கன்ஸ் என்ற நூலாக்கினார். 1958இல் பாரிசிலும் அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் அது வெளிவந்தது. அமெரிக்க ஒளிப்பட இதழ் ஒன்றின் விமர்சகர்கள் அதைக் கடுமையாகத் தாக்கினார்கள். காலம் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் பயணத்துக்கு முன்பே வாக்கர் எவன்ஸ் என்ற மூத்த கலைஞர் ஃபிராங்கின் படங்களை அறிந்தவராக, உதவித்தொகை பெறத் துணை நின்றவராக, அவர் அருகில் இருந்தார். முடிந்த நூலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர் வேறு. கழித்த படங்களையும் கண்ட, நீங்கள் எங்கே போக நினைக்கிறீர்கள் என்று தெரிந்த நண்பர் வேறு. முன்னவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னவரைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். நானும் சில நண்பர்களும் பல ஆண்டுகளாகச் செய்துவரும் முறை இது.

மாதம் ஒருமுறை ஆறேழு பேர் கூடுங்கள். வெவ்வேறு வயது, வெவ்வேறு தொழில், ஆண் பெண் இருபாலரும் இருக்கட்டும். ஒருவராவது படமெடுக்காதவராக இருக்கட்டும். ஆளுக்குப் பத்துப் படம், பதினொன்று கூடாது. பத்தைத் தேர்ந்தெடுப்பதே பாதிப் படிப்பு. போன் திரையில் காட்டாமல் சின்னதாகவாவது பிரிண்ட் போட்டுக் கொண்டுவாருங்கள். திரையில் விரல் தள்ளிக்கொண்டே போகும். தாளில் கண் நிற்கும். படங்களைத் தரையில் பரப்புங்கள்.

எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. "அப்போ என்னாச்சுன்னா" என்று தொடங்கிவிட்டால் படம் போய்க் கதை வந்துவிடும். உங்கள் படத்தைப் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் நின்று நீங்கள் கதை சொல்லிக்கொண்டிருக்க முடியாது. பார்ப்பவர்கள் முதல் சுற்றில் நன்று, தீது என்று எதுவும் சொல்லாமல், என்ன தெரிகிறது என்பதை மட்டும் சொல்லட்டும்: கண் முதலில் எங்கே போகிறது, பிறகு எங்கே போகிறது, எங்கே மாட்டிக்கொள்கிறது. இரண்டாம் சுற்றில் குறை நிறைகளைப் பேசட்டும், காரணத்தோடு பேசட்டும். "பிடிக்கல" என்பது விமர்சனமாகாது. "இந்தக் கம்பம் அவர் தலையிலிருந்து முளைக்கிறது" என்பது விமர்சனம். மூன்றாம் சுற்றில் ஒரு கேள்வி உண்டு: படத்தில் இருப்பவர் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்? அவர் தலைகுனிவார் என்றால் அந்தப் படத்தை, எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும், எடுத்து வையுங்கள்.

கேட்பவருக்கும் ஒரு சொல். எழுதிக்கொள்ளுங்கள், எதிர்வாதம் செய்யாதீர்கள். வீட்டுக்குப் போய் ஒரு வாரம் விடுங்கள். பத்துக் கருத்தில் ஏழு உதிர்ந்துவிடும், மூன்று நெஞ்சில் தைத்து நிற்கும். அந்த மூன்றை எடுத்துக்கொண்டு அதே தெருவுக்குத் திரும்பப் போங்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: ஒரே வட்டத்தில் நெடுநாள் இருந்தால் எல்லோருடைய படமும் ஒன்றுபோல ஆகத் தொடங்கும். அப்போது புது ஆள் ஒருவரை அழைத்து உட்கார வையுங்கள்.

நண்பர்களே, பாராட்டு இனிமையானது. நானும் அதற்கு ஏங்கியவன்தான். ஆனால் முப்பது ஆண்டுகளில் யார் யார் பாராட்டினார்கள் என்று கேட்டால் எனக்கு நினைவில்லை. படத்தை மறைத்த அந்த உள்ளங்கை நினைவிருக்கிறது. "என் தராசு எங்கப்பா?" என்ற அந்தக் குரல் நினைவிருக்கிறது. அடுத்த முறை காசிமேட்டுக்குப் போனபோது கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று, முகமும் கையும் தராசும் மீனும் சேர்ந்து வரும்படி எடுத்தேன். அந்தப் படம் அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

இந்த வாரம் பத்துப் படங்களைப் பிரிண்ட் போடுங்கள். மூன்று பேரிடம் காட்டுங்கள். அவர்களில் ஒருவர் அந்தப் படத்தில் இருப்பவராக இருக்கட்டும். காட்டிவிட்டு, பேசாமல் நில்லுங்கள்.